ட்ராம் வண்டியும் பித்தளைத் தவலையும்

ஜனவரி 8, 2025

இந்தப் பருவத்துக்கு நான் எடுத்த விருப்பப் பாடத்தின் முதல் வகுப்பு இன்று நடந்தது. பாடத்திட்டத்தில் ‘கிரியேட்டிவ் நான்ஃபிக்‌ஷன்’ என்று இருக்கிறது. தமிழில் எழுத விரும்பும் எங்கள் மூவருக்காகப் பேராசிரியை அபுனைவு, அல்புனைவு, புனைவல்லாத எழுத்து என்று பலகையில் எழுதி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றுமே ‘இது கதை அல்ல’ என்று மறுப்பதோடு நின்றுவிடுகின்றன; பிறகு என்னதான் என்பதை எதுவும் சொல்லவில்லை. மார்ச் மாத இறுதிக்குள் குடும்பத்தைப் பற்றி மூவாயிரம் சொற்களில் ஒரு கட்டுரை தர வேண்டும். காட்சியமைப்பையும் உரையாடலையும் சிறுகதையிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம், நடக்காததைச் சேர்க்கக் கூடாது என்பதே நிபந்தனை.

ஜனவரி 19

சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் ஆயாவைப் பேசவைத்துக் கைபேசியில் பதிவு செய்தேன். கல்யாணமான மூன்றாம் நாள் தாத்தா அவரை மவுண்ட் ரோடிலிருந்து பாரிமுனைக்கு ட்ராமில் அழைத்துப் போனதையும், அரக்கு நிறப் பட்டுப்புடவை அழுக்காகிவிடும் என்று பலகை இருக்கையில் தம் கைக்குட்டையை விரித்து உட்காரவைத்ததையும், எதிரே இருந்தவர்கள் பார்த்துச் சிரித்ததில் வெட்கப்பட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் ஆயா சொன்னபோது, கட்டுரையின் தொடக்கம் கிடைத்துவிட்டதாகவே நம்பினேன்.

ஜனவரி 30

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ பற்றிய வகுப்பு. 1959-இல் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டதைப் பற்றிய அந்நூல் 1966-இல் வெளிவந்தது. எல்லாம் உண்மையே என்று கபோட்டி சாதித்தார். ஆனால் கொலையை விசாரித்த அதிகாரி கல்லறைத் தோட்டத்தில் இறந்த பெண்ணின் தோழியைச் சந்திக்கும் கடைசிக் காட்சி நடக்கவே இல்லை.

உ.வே.சாமிநாதையரும் ‘என் சரித்திர’த்தில் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சுகளை மேற்கோள் குறிக்குள் தருகிறாரே, அவரை மட்டும் ஏன் சந்தேகிப்பதில்லை என்று நான் கேட்டேன். 1940-இல் அது ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது; அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-லேயே காலமாகிவிட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. சொற்கள் சற்று மாறியிருக்கலாம், ஆனால் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே அமர்ந்து பேசியது நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் யாரும் யாரையும் சந்திக்கவில்லை. என்னளவில் வேறுபாடு இவ்வளவுதான்.

பிப்ரவரி 13

கன்னிமாரா நூலகத்தில் நகர வரலாற்று நூல் ஒன்றில் பார்த்தேன். சென்னையில் ட்ராம் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கி, 1953 ஏப்ரல் 12 அன்று நின்றுபோனது. ஆயாவின் சீர்ப் பாத்திரங்களில் ஒன்றான பித்தளைத் தவலையின் கழுத்தில் அவர் பெயருக்குக் கீழே 10.6.54 என்று வெட்டியிருக்கிறது. சிறுவயதில் அதன்மேல் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறேன். எழும்பூர் ரயில் நிலையம் வரை நடந்தே வந்தேன். பேருந்தில் ஏறத் தோன்றவில்லை.

பிப்ரவரி 16

எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “நான் உக்காந்துட்டுப் போன வண்டிய, நீ புக்குல பாத்துட்டு வந்து இல்லன்னுவியா?” என்றார் ஆயா. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவோடு போயிருக்கலாமோ, அது பஸ்ஸாக இருக்குமோ என்று நான் எடுத்துக்கொடுத்த எதையும் அவர் ஏற்கவில்லை. பேட்டி காண்பவர் பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று வகுப்பில் படித்தது, வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 4

வரைவை வகுப்பில் வாசித்தேன். ட்ராமை நீக்கிவிடு என்றார் ஒருவர். ‘பஸ்’ என்று மாற்றினால் சிக்கல் தீர்ந்தது என்றார் இன்னொருவர். பேராசிரியை மட்டும், தமிழில் எழுதும் உனக்கு ‘ஆம்’ விகுதி இருக்கிறதே என்றார். ‘போனார்’ என்பதை ‘போனாராம்’ என்று ஆக்கினால், நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்பது ஒரே அசையில் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதற்கு ஒரு தனி வாக்கியம் செலவழிக்க வேண்டும்.

இரவு வரைவு முழுவதையும் ‘ஆம்’ போட்டு எழுதிப் பார்த்தேன். இலக்கணப்படி நேர்மையாக இருக்கிறது. ஆனால் “கைக்குட்டையை விரித்தாராம், எல்லோரும் சிரித்தார்களாம்” என்று தொடர்ந்து படிக்கும்போது, ஆயாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் கண்ணைச் சிமிட்டுவதைப் போல இருக்கிறது. கேட்டதைச் சொல்லும் விகுதியே கேலியையும் சொல்லிவிடுகிறது. நம் தெருச்சண்டைகளில் பாதி இந்த ஓரசையில்தான் தொடங்குகிறது.

மார்ச் 15

கட்டுரை இப்போது தவலையிலிருந்து தொடங்குகிறது. முதல் பத்தியில் அதில் வெட்டிய தேதியும், அடுத்த பத்தியில் ட்ராம் நின்ற தேதியும், மூன்றாவதில் ‘ஆம்’ இல்லாமல், ஆயாவின் வாய்மொழியாகவே, மேற்கோள் குறிக்குள் அந்தப் பயணமும் வருகின்றன. இரண்டையும் பொருத்திவைக்க நான் முயலவில்லை.

மாலையில் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். ட்ராம் நின்ற தேதி வந்தபோது அவர் முகம் மாறவே இல்லை. முடித்ததும், “எல்லாம் சரி, அது அரக்கு இல்லம்மா, மாம்பழ கலரு. அத மாத்திடு” என்றார்.

ஒலிப்பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டேன். அரக்கு என்றுதான் இருக்கிறது.