வீட்டு மேசையில் ஒரு வால்வு தெரமின்

தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி தெரமின். 1920 வாக்கில் ரஷ்யாவில் லியோன் தெரமின் கண்டுபிடித்தார், 1929-30-இல் அமெரிக்காவின் ரேடியோ நிறுவனமான ஆர்.சி.ஏ. சுமார் 500 கருவிகளைச் செய்தது. அந்தக் காலத்து வால்வு (பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) சர்க்யூட்டைத்தான் இப்போது வீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே மின் அலைகளை உண்டாக்கும் இரண்டு ஆசிலேட்டர்கள், இரண்டுமே காதுக்கு எட்டாத உயரத்தில் ஓடுகின்றன. ஒன்று 1,72,000 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்கிறது என்று வையுங்கள், ஆன்டெனா பக்கம் கை போனதும் மற்றது 1,71,560-க்கு இறங்கினால், வித்தியாசமான 440 ஹெர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில் கேட்கும். கை உண்டாக்கும் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மாற்றமோ ஒரு பிகோஃபாரடுக்கும் குறைவு! அதனால் காயில் எனப்படும் கம்பிச்சுருளைச் சுற்றுவதில்தான் எல்லாமே இருக்கிறது, கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும் சுருதி அலையும். ஆன்டெனாவுக்குத் தொடராகப் போடும் பெரிய காயிலைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஆன்டெனாவை ஒட்டி ஸ்வரங்கள் நெருக்கியடித்துக்கொள்ளும், விரலால் பிரித்து வாசிக்கவே முடியாது.

அப்புறம், வால்வுக்குப் போவது நூற்றுக்கணக்கான வோல்ட். ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், ஆளையே கொல்லும். அந்தச் சார்ஜை வடிக்கும் ப்ளீடர் ரெசிஸ்டர் போட்டிருந்தாலும் சரி, மீட்டர் வைத்துப் பார்க்காமல் சேஸிஸுக்குள் கை விடவே கூடாது.

வால்வு நன்றாகச் சூடேறி நிலைக்கும்வரை ட்யூன் செய்வதும் வீண். பொறுத்தால் கிடைக்கும் அந்தக் கனமான, மனிதக் குரலை ஒட்டிய நாதம் எனக்கு ட்ரான்சிஸ்டர் தெரமினில் கிடைத்ததே இல்லை. அடுத்து, இடது கைக்கான வால்யூம் வளையம்.