சாமுவேல் வருமட்டும்

அம்மாவின் வேதாகம உறைக்குள் ஒரு சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பால் வெட்டியவர் அவர். ஆயினும் பிறந்தபோது பிறப்புப் பத்திரம் எடுக்கப்படாத காரணத்தால் இன்றுவரை நிரந்தரவாசியாகவே இருக்கிறார். குடியுரிமைக்கு அவர் முதல் மனுவைக் கொடுத்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுமை தீர்ந்துபோயிற்று. மேலிடத்தில் தனக்கு ஆள் இருப்பதாகச் சொன்ன ஒரு தரகரிடம், அம்மாவுக்குத் தெரியாமல் 3,000 ரிங்கிட் கொடுத்தேன். கொடுப்பதற்கு முந்தின இரவு முழங்காலில் நின்று ஜெபித்தேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. நான் அன்று கர்த்தரிடம் வழி கேட்கவில்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட வழியை அவர் ஆசீர்வதிக்க வேண்டும் என்றே கேட்டேன். சில வாரங்களில் அந்தத் தரகரின் தொலைபேசி எண் ஓய்ந்துபோனது.

அதற்குப் பிறகுதான் முதலாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரம் எனக்கு விளங்கியது. தீர்க்கதரிசியான சாமுவேல் வந்து பலி செலுத்துமட்டும் கில்காலில் ஏழு நாள் காத்திருக்கும்படி சவுல் ராஜாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவன் காத்திருக்கத்தான் செய்தான். ஆனால் மிக்மாசில் பெலிஸ்தர் திரண்டு நிற்க, தன் ஜனங்கள் சிதறிப்போய் 600 பேர் அளவுக்குக் குறைந்துவர, ஏழாம் நாளில் சாமுவேலைக் காணாமல் மனம் பதறி, தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்திவிட்டான். அவன் செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நின்றார். சவுல் அந்நிய தெய்வத்தை வணங்கவில்லை, கர்த்தருக்கே பலியிட்டான். என்னை அஞ்சவைப்பது இதுதான். பொறுமையின்மை பல நேரங்களில் பக்தியின் உடையை உடுத்திக்கொண்டுதான் வருகிறது. என் ஜெபமும் அப்படித்தான் வந்தது.

தமிழில் ‘விசுவாசம்’ என்ற ஒரே சொல்லுக்கு நம்பிக்கை என்றும் பொருள் உண்டு, எஜமானை விட்டு விலகாத உண்மை என்றும் பொருள் உண்டு. ஆலயத்தில் நாம் முதல் பொருளையே அதிகம் பேசுகிறோம். நான் தரகரிடம் போன நாளில்கூட தேவன் இருக்கிறார், அவரால் முடியும் என்று நம்பிக்கொண்டுதான் இருந்தேன், தவறியது இரண்டாவது. ‘விசுவாசிக்கிறவன் பதறான்’ என்று ஏசாயா 28:16 சொல்லும்போது இவ்விரண்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்ன இரவு அவர் கோபப்படவில்லை. ரப்பர் மரத்தைப் பற்றித்தான் பேசினார். கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகித் தண்டு பருத்த பிறகே உளி வைப்பார்கள். வைத்த பிறகும் பட்டையை மெல்லிய சீவலாகத்தான் எடுக்க வேண்டும். மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டால் உளி ஆழமாக இறங்கிவிடும். காயம் ஆறி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. “சாமுவேல் இன்னும் வரலய்யா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

காத்திருப்பது சும்மா இருப்பதன்று என்பதையும் அவரிடமே கற்றேன். ஒவ்வொரு மனு திரும்பி வந்த பின்னும் புதிய படிவம் வாங்கி நிரப்பச் சொல்வார், குறைந்த பத்திரத்தைத் தேடி எடுப்பார், விடியற்காலை ஐந்து மணி ஜெபத்தில் அதைக் கர்த்தரிடம் சொல்வார். ஆபிரகாமுக்கு ஈசாக்கு பிறந்தபோது வயது 100 என்று சபையில் பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் வயதுதான் நினைவுக்கு வரும்.

போன மாதம் மறுபடியும் மனு கொடுக்க அவரை அழைத்துப் போனேன். ரேகைக் கருவி அவருடைய பெருவிரலை ஏற்கவில்லை. அத்தனை ஆண்டுகள் உளி பிடித்ததில் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிட்டதோ என்னவோ. இரண்டாம் முறையும் பதியவில்லை. எனக்குள் பழைய பதற்றம் எழுந்தது. அம்மா விரலை முந்தானையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையாகக் கண்ணாடியின்மேல் வைத்தார்.