தைலம் சுமந்து வந்தவள்

"கூட்டத்துக்குள்ள மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றுதான் டாக்டர் சொன்னார். வைத்தீஸ்வரன்கோயிலில் கூட்டம் என்றால் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க் கிரகமான அங்காரகனுக்கு உரிய தலம் என்பதால் அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. எனவே ஒரு புதன்கிழமையாகப் பார்த்து, சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்வது என்று முடிவு செய்தோம். அம்மாவுக்குக் கடைசிக் கீமோ முடிந்து அன்றோடு 25 நாள். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் தேறியிருந்தன. அடுத்த வாரம் கதிர்வீச்சு ஆரம்பம். இடையில் கிடைத்த இந்த ஒரு வாரத்தை அம்மா ஆறு மாதமாகக் கணக்குப் பண்ணிக் காத்திருந்தாள்.

நாங்கள் கும்பகோணம். அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அண்ணன் அவளைச் சென்னைக்கு அழைத்துப்போய் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காட்டினான். அறுவை சிகிச்சை முடிந்தபிறகு 21 நாளுக்கு ஒரு முறையாக எட்டு கீமோ. முதல் நான்கும் சிவப்பு நிறத்தில் இருக்கும் கீமோ மருந்து. ஒவ்வொரு முறையும் ராத்திரி ரயிலில் போய், அண்ணன் வீட்டில் தங்கி, ஊசி போட்டுக்கொண்டு திரும்புவோம். மயிலாடுதுறை தாண்டிச் சீர்காழி வருவதற்குள் வைத்தீஸ்வரன்கோயில் ஸ்டேஷன் வந்து போய்விடும். எங்கள் ரயில் அங்கே நிற்காது. அந்த இருட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் கைகூப்புவாள். "முடிஞ்சதும் வந்து எறங்குறேன் தாயே." எட்டுத் தடவையும் இதே வார்த்தைதான்.

(ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் கட்டணத்தில் முழுச் சலுகை உண்டு. உடன் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான சான்றிதழை எழுதி வாங்க வேண்டும். எங்களுக்கு இது மூன்றாவது பயணத்தில்தான் தெரிந்தது.)

அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீடே மாறிப்போனது. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத அப்பா கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். தாளிக்கிற வாசனை பட்டாலே அம்மாவுக்குக் குமட்டும் என்பதால் சின்ன அடுப்பைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்து அங்கே தாளித்துக் கொண்டுவந்து குழம்பில் கொட்டுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்துக்கொள்வது மாதிரி ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டு, காலையும் மாலையும் அம்மாவின் காய்ச்சல் அளவு, என்ன மாத்திரை, எத்தனை இட்லி என்று எழுதினார். 100.4-ஐத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். அந்த வரிதான் ஒரு முறை எங்களைக் காப்பாற்றியது. ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள் ராத்திரி 101. இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

அண்ணி அலுவலகத்தில் லீவு போட்டாள், நான் என் பிள்ளைகளை அத்தையிடம் விட்டுவிட்டு வந்தேன். யார் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளவில்லை. அவரவர் கைக்கு வந்ததை அவரவர் எடுத்துக்கொண்டோம்.

சொந்தத்தில் ஒருவர் வந்து, "இந்த ஊசியெல்லாம் உடம்பை உருக்கிடும். நிறுத்திட்டு வைத்தீஸ்வரன்கோயில் பிரசாதத்தை மட்டும் குடுங்க, போதும்" என்றார். அன்பில்தான் சொன்னார். ஆனால் எனக்கு மனசு பதறியது. அம்மாதான் படுத்தபடியே பதில் சொன்னாள். "அப்பர் சாமி அந்த வைத்தியநாதரை மருந்துன்னே பாடியிருக்காரு. அந்த மருந்துதான் எனக்கு ஊசி வழியா வருது." மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்ப்பவர் என்பது வைத்தீஸ்வரன்கோயிலின் பழைய பெயரான புள்ளிருக்குவேளூரைப் பாடிய தாண்டகப் பதிகத்தில் வருகிறது. சூலைநோயில் துடித்து, தமக்கையார் கையால் திருநீறு வாங்கிப் பூசி எழுந்தவர் பாடியது. அம்மா அதைச் சின்ன வயதிலிருந்தே ஓதி வருகிறாள். அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, கோயிலுக்கு வருகிறேன்.

காரில்தான் போனோம். மேற்குக் கோபுர வாசலில் இறங்கும்போது அம்மா தலையில் கட்டிய துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். முதல் ஊசி போட்டு மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி. அப்பா அதைக் கூட்டி அள்ளினார். அன்று முதல் வாசலுக்குக் கோலம் போடக்கூட அவள் துணியில்லாமல் வந்ததில்லை. பால்காரர் குரல் கேட்டாலே உள்ளே போய்விடுவாள்.

கோயில் வாசலில் பார்த்தால் எங்கும் மொட்டைத் தலைகள். முடிகாணிக்கை கொடுத்துவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்ட குழந்தைகள், அப்பாமார்கள், அம்மா வயதுப் பெண்கள். குலதெய்வம் என்று இங்கே வந்து மொட்டையடித்துக் காது குத்தும் குடும்பங்கள் நிறைய. பூக்கடை அம்மாள் ஒருத்தி அம்மாவின் நெற்றியோரம் துணி விலகிய இடத்தைப் பார்த்துவிட்டு, "முடி எறக்கியாச்சாம்மா? சந்தனம் வெச்சுக்கலையா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அம்மா ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அப்புறம் துணியை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தாள். "ஆச்சும்மா. குடுத்துட்டேன். சந்தனம் இருந்தா வையி" என்றாள். அந்த அம்மாள் கடையில் இருந்த சந்தனத்தைக் குழைத்து, புல் முளைத்தது போல மெல்லிய முடி வந்துகொண்டிருந்த அந்தத் தலையில் தடவிவிட்டாள். அப்பா திரும்பி நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியநாதர் சன்னதியில் கூட்டமே இல்லை. 4448 வியாதிகளைத் தீர்ப்பவர் என்று சொல்வார்கள். அம்மா அதிகம் எதுவும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். இங்கே முருகனாக இருக்கும் செல்வமுத்துக்குமாரசுவாமியைக் கும்பிட்டுவிட்டுத் தையல்நாயகி சன்னதிக்கு வந்தோம்.

இந்த அம்பாளைப் பற்றி அம்மா எங்களுக்குச் சின்ன வயதில் சொன்ன கதை ஒன்று உண்டு. நோய் தீர்க்க ஈசன் வைத்தியராகப் புறப்பட்டபோது அவள் தைலப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு கூடவே வந்தாள். பிள்ளை முருகனும் பக்கத்திலேயே சன்னதி கொண்டான். அன்று தீபாராதனையில் அவளைப் பார்த்தபோது அந்தக் கதை வேறு மாதிரி புரிந்தது. வைத்தியநாதரே ஒண்டியாக வைத்தியம் பார்க்க வரவில்லை. பாத்திரத்தைச் சுமக்க ஒருத்தி வேண்டியிருந்தது. என் அப்பா தாளித்த கரண்டியோடு கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்தது, அண்ணன் ஒவ்வொரு முறையும் விடியற்காலை எழும்பூரில் வந்து நின்றது, அண்ணி அம்மாவின் பாதத்தில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டது எல்லாம் கண்முன் வந்தன. நாங்கள் சுமந்ததும் அந்தத் தைலம்தான் என்று நான் நம்புகிறேன். அடையாறு மருத்துவமனைகூட ஒரு தங்கைக்காக எழுந்ததுதான். புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தை நெஞ்சில் வைத்திருந்து 1954-ல் அதைத் தொடங்கினார்.

அம்பாள் சன்னதியை அடுத்துச் சித்தாமிர்தத் தீர்த்தம். வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் கொட்டுவது இந்தத் தலத்துப் பிரார்த்தனை. வெல்லம் கரைவதுபோல உடம்பில் இருக்கும் கட்டி கரைந்துபோகும் என்பார்கள். "வெல்லக்கட்டி, எங்கட்டி" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே படியில் இறங்கினாள். வலது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம்கூட இடது கையில்தான் பார்க்க வேண்டும். பொட்டலத்தை அப்பா வைத்திருந்தார். அவர் பிடித்துக்கொள்ள, அவள் இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலுத்தினாள். நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜடாயு குண்டத்துக்கு வந்ததும் அம்மாவின் முகம் மாறியது. சீதையை மீட்கப் போராடிச் சிறகு வெட்டுண்ட ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்று சொல்லி இங்கே திருநீறு தருகிறார்கள். புள்ளிருக்குவேளூர் என்ற பெயரில் இருக்கும் புள், அதாவது பறவை, இந்த ஜடாயுதான். தீராநோய் தீர்க்கும் கோயிலுக்குள்ளேயே, பிழைக்காமல் போனவனுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். இதை நான் முன்பெல்லாம் யோசித்ததில்லை. கீமோ வார்டில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் அக்கா ஒருத்தி இருந்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொள்வார்கள். எலுமிச்சம்பழம் முகர்ந்தால் குமட்டல் அடங்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஆறாவது முறை போனபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அம்மா நர்ஸிடம் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

குண்டத்தில் அம்மா இரண்டு பொட்டலம் திருநீறு கேட்டு வாங்கினாள். ஒன்றைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள். இன்னொன்றைப் பிரிக்காமல் முந்தானையில் முடிந்தாள். "அவளுக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திருச்சாந்துருண்டையும் வாங்கினோம். திருநீறும் மண்ணும் தீர்த்தமும் சேர்த்து உருட்டிய பிரசாதம், அதை உள்ளுக்குச் சாப்பிடுவது வழக்கம். ஆனால் சிகிச்சை முடியும்வரை வெளியிலிருந்து எதையும் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பூஜை அலமாரியில் இருக்கட்டும். டாக்டரைக் கேட்டுட்டு எடுத்துக்கிறேன். தையல்நாயகி கோவிச்சுக்க மாட்டா" என்றாள்.

வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா துணியைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கார் ஸ்டேஷன் பக்கம் திரும்பியபோது டிரைவரை நிறுத்தச் சொன்னாள். இறங்கி நடைமேடை வரை மெல்ல நடந்து போனாள். அங்கிருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். "எறங்குறேன்னு சொன்னேன்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அப்பா தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா தூங்கியபிறகு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதியிருந்தது: 'புதன். இரவு 8.30. 98.4. தயிர்சாதம், ஒரு கிண்ணம் முழுக்க. தலைக்குச் சந்தனம் வைத்தது.'