ஒரு நொடி, ஒன்றே முக்கால்

ஜூலை 4, வெள்ளி

விடிவதற்குள் சயானில் ரயில் ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை மும்பை சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு விடுமுறை. தெருவில் தார்ப்பாய் விரிப்பவர்களின் நாள் அது. பழைய மிக்சிக்கும் பித்தளைக் குழாய்க்கும் நடுவில் ஒரு யாஷிகா டி கிடந்தது, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள பழைய பிலிம் கேமரா. 3,000 சொன்னார், 2,200-க்கு முடிந்தது. கீழ் லென்ஸின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. ஷட்டரை 500-ல், அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கில், வைத்தால் சரியாக அடிக்கிறது. 1-ல், அதாவது ஒரு முழு நொடியில், வைத்தால் திறக்கிறது, மூட மனசு வரமாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை கண் ஆபரேஷன் பற்றி அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.

ஜூலை 5

அப்பா கேமராவை மடியில் வைத்துத் தடவினார். "கிராங்க் இல்ல, குமிழுதான். அப்போ யாஷிகா மேட் இல்ல, டி." பார்க்காமலே சொன்னார். பார்த்தாலும் வலது கண்ணுக்கு நடுப்பகுதி கிடையாது. என் முகத்தில் காது தெரிகிறதாம், மூக்கு இருக்கிற இடம் காணோமாம்.

ஜூலை 6, ஞாயிறு

நாள் முழுக்க இதுதான். முன்பக்கத் தோலை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். அடியில் நாலு திருகு. தகட்டை எடுத்ததும் ஷட்டர் தெரிந்தது. வேகம் குறைந்த நொடிகளை நடத்துவது ஒரு சின்னப் பல்சக்கர வரிசை. ஸ்பிரிங் விடுபடும்போது அந்தச் சக்கரங்கள் அதைத் தடுத்துத் தடுத்து விடும். அந்த 'ர்ர்ர்' சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. பழைய கிரீஸ் இறுகிப்போனால் சக்கரம் சோம்பிவிடும். லைட்டர் பெட்ரோலை ஊசியில் தொட்டு ஒரு சொட்டு வைத்தேன். இருபது தடவை அடித்தேன். இன்னொரு சொட்டு, இன்னும் இருபது. எண்ணெய் போட மட்டும் கை போகக்கூடாது. அது பரவி ஷட்டர் இதழ்களில் ஒட்டினால் எல்லா வேலையும் வீண்.

ஃபோனில் சத்தத்தைப் பதிவு செய்து அலையை அளந்தேன். ஒரு நொடி என்று எழுதியிருக்கும் இடத்தில் 1.74. கடைசித் தடவை 1.31.

பூஞ்சைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் சரிபாதி. நூல் போய்விட்டது, கண்ணாடியில் அதன் தடம் லேசாக நிற்கிறது. மேல் லென்ஸைத் திருகவே இல்லை. அது கொஞ்சம் நகர்ந்தாலும் நாம் பார்க்கும் ஃபோகஸ் ஒன்று, பிலிமில் விழும் ஃபோகஸ் வேறு என்று ஆகிவிடும். உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடியைத் துடைக்கப் போனபோது அப்பா கட்டிலிலிருந்தே சத்தம் போட்டார். "விரல் வைக்காத ஏல! அதுக்கு ரசம் மேல் பக்கம்." ஊதி மட்டும் விட்டேன்.

ராத்திரி பத்து மணிக்குத்தான் செவ்வாய்க்கிழமை பற்றிக் கேட்டார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டு வாயு நிரப்புவார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து விழித்திரையின் நடுவில் விழுந்த ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. அதனால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். "எத்தனை நாளு?" "ஒரு வாரம்." ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 7

இன்று எதையும் தொடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

முடிந்தது. அக்கா நான்கு முறை கூப்பிட்டாள். நன்றாக ஆச்சு என்று நான்கு முறையும் சொன்னேன். ஆனதா என்று எனக்குத் தெரியாது. குமிழி கரையும்வரை யாருக்கும் தெரியாது.

ஜூலை 9

நாற்காலி, முன்னால் மேஜை, மேஜையில் தலையணை, அதில் நெற்றி. ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் அப்படி, பத்து நிமிடம் ஓய்வு. சாப்பாட்டுத் தட்டையும் மடியில் வைத்துக் குனிந்தபடிதான் சாப்பிடுகிறார். கழுத்து வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் படுத்துகிறது.

சும்மா இருக்க முடியாமல் பின்னால் உட்கார்ந்து ஷட்டரை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எத்தனைல வச்சிருக்க?"

"முப்பது."

"முப்பது இல்ல. பதினஞ்சு."

அளந்தேன். 64 மில்லி செகண்ட். நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் அதற்கும் இரண்டு, மூன்று மில்லி செகண்ட்தான் வித்தியாசம்.

ஜூலை 10

மழை விடவே இல்லை. கேமரா பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போட்ட சிலிக்கா ஜெல் ஒரே ராத்திரியில் நீலம் போய் ரோஸாகிவிட்டது. வாணலியில் வறுத்து மறுபடி போட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அப்பா மல்லாந்துவிட்டாரா என்று பார்த்தேன். இல்லை. நாலு மணிக்கும் பார்த்தேன்.

ஓட்டை மூடாவிட்டால்?

ஜூலை 11, வெள்ளி

பஜாருக்குப் போகவில்லை. போன வெள்ளி அங்கே நின்றது எப்போதோ மாதிரி இருக்கிறது.

மத்தியானம் அப்பா பேச ஆரம்பித்தார், தலையணைக்குள் பேசுவதால் பாதிதான் கேட்டது. ஸ்டுடியோவில் டச்சிங் செய்த நாட்கள். பென்சிலை உப்புத்தாளில் ஊசியாகத் தேய்த்து, நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் சுருக்கம் இருக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக வைப்பார்களாம். நெகட்டிவில் கருமை கூடினால் பிரிண்டில் வெளுக்கும், சுருக்கம் போய்விடும். ஊட்டியில் செய்த 'இந்து' பிராண்டு பிலிம் பற்றியும் சொன்னார். எத்தனை கல்யாணப் பெண்களின் முகத்தை அந்தக் கண் தொட்டிருக்கும்? அதே வலது கண்.

1-ல் இப்போது 1.08. இதற்கு மேல் கை வைக்கப் போவதில்லை.

ஜூலை 12

பல் தேய்க்கும்போது தோன்றியது. இவ்வளவு நாள் எப்படித் தோன்றாமல் போனது? இந்தக் கேமராவைக் குனிந்துதானே பார்க்க வேண்டும்.

எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம் ரோல் போட்டு, ஸ்டூலில் கேமராவை வைத்து, மேஜையை நகர்த்தி, அவர் முகத்துக்கு நேர் கீழே கொண்டுபோனேன். மேல் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். இடது கண்ணை அதில் வைத்தார். வெகுநேரம் பேச்சில்லை. அப்புறம், "தூசி இருக்கு. பரவால்ல."

ஜன்னலோரம் போய் நிற்கச் சொன்னார். அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் அவருக்கு அந்தப் பக்கம் போவேன். ஆனாலும் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. "வலது தோள கொஞ்சம் உள்ள. மோவாய இறக்கு." கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் சொல்கிற குரல். நாலு நாளாக அந்தக் குரலைக் கேட்கவில்லை.

அறை இருட்டு. f11, ஒரு நொடி. ஷட்டரை அடிக்கும் கேபிளைக் கையில் கொடுத்தேன்.

"அசையாத. ஆயிரத்தி ஒண்ணு."

ஜூலை 13

இன்று அவர் இரண்டு எடுத்தார். காலையில் கொடிக்கயிற்றில் துணி, சாயங்காலம் எறும்பு மொய்த்த டம்ளர். இன்னும் ஒன்பது இருக்கின்றன. அவசரப்பட்டு முடிக்க விடமாட்டேன் என்கிறார்.

ஜூலை 14

நாளை காலை பரிசோதனை. பிலிம் கழுவும் டி-76 மருந்தைக் கலக்கி வைத்துவிட்டேன். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, 20-க்கு இறக்க ஐஸ் வேண்டும். ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு வைத்தேன். ஏழு படம் மிச்சம்.