நாலாம் சிலிண்டர் ஸ்டட் கடைசியில கழண்டுது

மூண்டு கிழமையா என்ர டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் கல்லுக்கு மேல நிக்குது. புகை வெளிய போற மனிஃபோல்ட் பைப்பை எஞ்சினோட பிடிக்கிற மரைக்கம்பிதான் ஸ்டட். நேற்றுப் பின்னேரம் அந்த உடைஞ்ச ஸ்டட் கையோட வந்திட்டுது. இரவு நித்திரையே வரேல்ல, அவ்வளவு சந்தோசம்.

3எல் எண்ட டீசல் எஞ்சின், 2779 சிசி. விடிய ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக் எண்டு சத்தம், சூடாக நிண்டிடும். சூட்டில மனிஃபோல்ட் விரிஞ்சு ஓட்டையை அடைக்கிறதால வாற மயக்கம் அது. நாலாம் சிலிண்டர் பக்கம் கரி படிஞ்சதைக் கண்ட உடனே மனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில அடைப்பா இருக்கிற காஸ்கட் தான் எரிஞ்சிட்டுது எண்டு விளங்கிச்சு. கழட்டேக்க பின்பக்கக் கடைசி ஸ்டட் முறிஞ்சு போச்சு. பண்ணைப் பாலத்தால வேலணைக்குக் கிழமைக்கு நாலு தரம் ஓடுற வண்டி, உப்புக்காத்து ஒண்டையும் விடாது.

முறிஞ்ச துண்டை எடுக்க முதல் துளைச்சுப் பாத்தன். ட்ரில் பிட் வழுக்கி ஓரத்துக்கு இழுத்துது. உடனே நிப்பாட்டினன். ஸ்டட் பூட்டியிருக்கிற எஞ்சின் ஹெட்டில கிணறு வெட்டினா அதோட சரி. பிறகு அதில நட்டு ஒண்டை வெல்டிங்கால ஒட்டிப் பாத்தன், ரெண்டு தரமும் ஒட்டு விட்டிட்டுது. வெளிய நெல்லுமணி அளவுதான் தெரியுது, நட்டின்ர ஓட்டைக்குள்ளால வெல்டிங் ராட் நுனி அடியில படவே இல்லை.

மூண்டாம் தரம் முதல் ஒரு வாசரை வைச்சு, நடுவில ஸ்டட்டோட ஒட்டினன். அதுக்கு மேல நட்டு. பற்றரி வயரைக் கழட்டி, ஹோஸுகளுக்கு ஈரச் சாக்குப் போட்டு, முன் சில்லைக் கழட்டி மட்காட்டுக்குள்ளால கை விட்டுச் செய்த வேலை. சிவப்பு அடங்கின உடனே மெழுகுதிரியை அடியில பிடிச்சன். உருகி மரைக்குள்ள தானா இழுபடும். ஒரே பக்கம் முறுக்கக் கூடாது. கால் சுத்து முன்னுக்கு, கால் சுத்து பின்னுக்கு. அஞ்சாம் தரம் ‘கிறீச்’ எண்டு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

காஸ்கட் விசயத்தில ஒரு மனவருத்தம். இஞ்ச ஒரு கடையில முதல் வாங்கினது அட்டை மாதிரி, கையில வளைக்கவே வெடிச்சுது. பேந்து கொழும்பு பஞ்சிகாவத்தையில இருக்கிற மச்சானைப் பிடிச்சு, இரும்புத் தகட்டுக் காஸ்கட்டை இரவு பஸ்ஸில எடுப்பிச்சன். விலை மூண்டு மடங்கு, ஆனா சாமான் சாமான்தான். 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டின நாளிலயிருந்து 2025 இல திரும்ப விடும்வரை பழைய வண்டியளைத்தான் பொத்திப் பொத்தி வைச்சிருந்தம். சாமானில மிச்சம் பிடிக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல.

மனிஃபோல்டை நேர்ச்சட்டம் வைச்சுப் பாத்தன். கடைசிப் போட்டில இடைவெளி அளக்கிற பீலர் தகடு 0.4 மில்லிமீற்றர் உள்ள போகுது. காஸ்கட் எரிஞ்ச காரணமே அதுதான். நாளைக்கு லேத் பட்டறையில அதின்ர முகத்தைச் சீவி மட்டமாக்கக் குடுக்கப் போறன். சிலிக்கோன் அப்பச் சொல்லி ரெண்டு பேர் சொன்னவை, அந்தச் சூட்டுக்கு அது நிக்காது, நான் அப்பமாட்டன். நடுவில தொடங்கி ரெண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கி, ஒருக்காச் சூடாக்கி ஆறவிட்டுத் திரும்ப இறுக்கவேணும்.

ஸ்டட் எல்லாத்தையும் புதுசாப் போடுவம் எண்டு யோசிக்கிறன். முன் பைப் வளையமும் தேஞ்சிருக்கு. மச்சானிட்டை அதையும் சொல்லி விட்டிருக்கு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில வரும்.