இருபத்து மூன்று குறிப்பேடுகள்

2024 அக்டோபரில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடிய, குடியிருப்பு மேலாளர்களான எங்கள் தொழிற்சங்கத்தின் கிளைப் பொதுக்குழு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. பதினான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டியவள் என்பதைத் தவிர, சங்கப் பணியில் எனக்கு வேறு பழக்கம் கிடையாது. தலைவராக வந்தவருக்கும் பொருளாளராக வந்தவருக்கும் அப்படித்தான்.

எங்கள் கிளையில் 23 பேர். அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளை நிர்வகிக்கிறோம். தவணை வசூல், தண்ணீர் மோட்டார், கழிவுநீர் அடைப்பு, உள்வாடகைச் சோதனை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் எங்கள் தலையில்தான். குடியிருப்பவர்களுக்கு நாங்கள்தான் அரசாங்கம். தலைமை அலுவலகத்துக்கோ நாங்கள் கடைசிப் படியில் நிற்கும் ஊழியர்கள்.

ஓய்வுபெற்ற முன்னாள் செயலாளர் ஒரு தகரப் பெட்டியை ஒப்படைத்தார். மூன்று தீர்மானப் புத்தகங்கள், ரசீதுக் கட்டுகள், வங்கிப் பாஸ்புத்தகம். “முதலில் வங்கியில் கையெழுத்தை மாற்றிவிடுங்கள் அம்மா. மற்றதெல்லாம் பிறகு” என்றார். தேர்தல் தீர்மான நகலையும் எங்கள் மூவரின் ஆதார், பான் நகல்களையும் எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். கணக்கை இயக்கப்போவது யார், மூவரில் எந்த இருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தீர்மானத்தில் ஒரு வரி இல்லை என்பதே காரணம். அந்த ஒரு வரிக்காக மறுபடியும் செயற்குழுவைக் கூட்ட வேண்டியதாயிற்று. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தேர்தல் நடந்த அன்றே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

அந்த அலைச்சலுக்கு நடுவே பழைய தீர்மானப் புத்தகங்களைப் படித்தேன். 2012 ஜனவரித் தீர்மானம் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு, 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்திருந்தது. மின்சாரம் இல்லாமல் மேல்நிலைத் தொட்டிகள் காய்ந்தபோது எங்கள் உறுப்பினர்கள் மூவர் சொந்தப் பணத்தில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டும் என்பது தீர்மானம். அடுத்த பக்கங்களில் அதைப் பற்றி எதுவும் இல்லை. முன்னாள் செயலாளரிடம் கேட்டேன். “ரசீது யாரிடமும் இல்லை. எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று யாரும் குறித்து வைக்கவும் இல்லை. எதைக் காட்டிக் கேட்பது?” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரை மீறியது. மோட்டார் அறைகள் மூழ்கின. தரைத்தள வீடுகளில் இருந்த முதியவர்களை மாடிக்கு ஏற்றினோம், மீதிப் பேரை முகாம்களுக்கு அனுப்பினோம். அன்றிரவே 23 பேருக்கும் செய்தி அனுப்பினேன்: “செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். வேலை பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதி வையுங்கள். பென்சிலில் எழுதினாலும் போதும்.”

தண்ணீர் வடிந்த பிறகு குறிப்புகள் வந்து சேர்ந்தன. சில காலண்டர் தாளின் பின்பக்கத்தில், சில நனைந்து காய்ந்த நோட்டில். படிக்கப் படிக்க எனக்கே புதிய செய்திகள். ஓர் உறுப்பினர் நான்கு இடங்களில் 1,100 வீடுகளுக்கு மேல் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். இன்னொருவர் நாளில் பாதி நேரம் மோட்டார் இயக்குபவரின் வேலையைச் செய்கிறார், அந்தப் பணியிடம் காலியாக இருப்பதால். புயல் நாட்களுக்கு மட்டும் என்று தொடங்கியதை நிறுத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். சந்தாப் பணத்தில் 23 குறிப்பேடுகள் வாங்கிக் கொடுத்தோம்.

அவற்றின் முழுப் பயன் சட்டத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி நாங்கள் சங்கமாகச் சேர்வதில் சிக்கல் இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமோ, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரையும், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரையும், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறும் ‘தொழிலாளி’ என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்தது. (இவ்விரண்டுக்கும் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அந்த வரம்பு 18,000 ரூபாய்.) ஆனால் பதவியின் பெயரை மட்டும் வைத்து நீதிமன்றங்கள் இதைத் தீர்மானிப்பதில்லை. ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலை எது என்றுதான் பார்க்கின்றன. மேலாளர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு மோட்டார் ஓட்டுகிறவர் யார்? அதற்குச் சாட்சி சொல்ல அவருடைய குறிப்பேட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதற்குள் ஒரு மெமோ வந்தது. நான்கு இடங்களைப் பார்ப்பவருக்குத்தான். உள்வாடகைக்கு விடப்பட்ட வீடுகளைக் கண்டுபிடிக்கத் தவறினார் என்பது குற்றச்சாட்டு. கோபத்தில் அன்று மாலையே தனியாக அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பார்க்கலாம் என்றார். பத்து நாள் கழித்துக் கேட்டபோது அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே அவருக்கு நினைவில்லை. முன்னாள் செயலாளர் என்னைக் கடிந்துகொண்டார். எப்போதும் இரண்டு பேராகப் போக வேண்டும், பேசி முடித்த அன்றே “இன்று நாம் பேசியவை” என்று கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை.

இரண்டாம் முறை தலைவரும் நானும் போனோம். உறுப்பினர் எழுதிக் கொடுத்த விளக்கத்தோடு அவருடைய குறிப்பேட்டின் மூன்று மாத நகலையும் இணைத்தோம். வீடு வீடாகச் சோதிக்க அவருக்கு மாதத்தில் மிஞ்சியது ஒன்றரை நாள். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். இரண்டு இடங்களில் நிறுத்தி விவரம் கேட்டார். அன்று மாலையே கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கினோம்.

மெமோ மேல்நடவடிக்கை இல்லாமல் முடிக்கப்பட்டது. புயல் செலவில் ரசீது இருந்த அத்தனை தொகையும் ஏப்ரலுக்குள் வந்துசேர்ந்தது. தானே புயலின்போது பணம் போட்ட மூவரில் ஒருவர் இன்னும் பணியில் இருக்கிறார். அவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது, “இவர்களுக்காவது கிடைத்ததே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்காவது இடத்தை அந்த உறுப்பினரின் பொறுப்பிலிருந்து இன்னும் பிரித்துத் தரவில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்கான கடிதத்தில் அதை முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம். அவருடைய இரண்டாவது குறிப்பேடும் நிரம்பிவிட்டது.