அரியர் கிளியர்: ப்ராஜெக்ட் வைவாவும் ஒரு கெப்பாசிட்டரும்

நேற்று ரிசல்ட் வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் எனக்கு நின்றிருந்த ஒரே பாடம் ப்ராஜெக்ட்தான். அதுவும் கிளியர். இந்த வருடம் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) போகிற தம்பி தங்கைகளுக்காக உடனே எழுதுகிறேன்.

வயல் மோட்டார் ஓடினால் எஸ்எம்எஸ் அனுப்பும் சர்க்யூட் எங்களுடையது. மெசேஜ் அனுப்ப சிம் கார்டு போடும் சிம்800எல் மாட்யூல், அதற்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்க எல்எம்2596 சப்ளை. வீட்டில் நூறு முறை வேலை செய்தது. போன முறை லேபில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) முன்னால் மெசேஜ் போகும் கணத்தில் மாட்யூல் ரீசெட் ஆனது. திரும்ப முயன்றேன், திரும்ப ரீசெட். மல்டிமீட்டரோ அசையாமல் 4.0 வோல்ட் காட்டியது. அதை நம்பி மூன்று வாரம் புரோகிராமையே மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

டிவி ரிப்பேர் கடை அண்ணன் ஒருவர்தான் வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்யூலின் கால்களிலேயே வைத்துக் காட்டினார். மாட்யூல் விட்டு விட்டுத்தான் சிக்னல் அனுப்பும், அதனால் 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வோல்டேஜ் பள்ளம் விழுந்து 3.4க்குக் கீழே போனது. மாட்யூல் தாங்குவது 3.4 வரைதான். பள்ளத்தின் அகலம் 577 மைக்ரோசெகண்ட். அவ்வளவு குறுகியதை மல்டிமீட்டர் சராசரியில் கரைத்துவிடுகிறது. சிக்னல் மோசமான இடத்தில் மாட்யூல் முழு பவரில் பேசும், அப்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டில் ஓடியது லேபில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

இந்தப் பள்ளத்தை நிரப்புவது கெப்பாசிட்டர், சார்ஜைச் சேர்த்து வைத்து சட்டென்று தரும். என்னிடம் அது ஏற்கெனவே இருந்தது, ஆனால் சப்ளை பக்கம். நடுவில் மெல்லிய ஜம்பர் ஒயரும் ப்ரெட்போர்டும். அந்த வழியில் 0.3 ஓம் இருந்தாலே 2 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் போய்விடும். ஒயருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கெப்பாசிட்டரால் அதை நிரப்ப முடியாது. மாட்யூல் காலோடு ஒட்டி வையுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இந்த முறை "ஏன் 2,200 மைக்ரோபாரட்?" என்று கேட்டார்கள். போன முறை "ஃபில்டருக்கு" என்று சொல்லி மாட்டினேன். இப்போது பேப்பர் கேட்டு வாங்கி எழுதினேன்: கரண்ட் × நேரம் ÷ அனுமதிக்கும் வீழ்ச்சி. நேரம் அந்த 577 மைக்ரோசெகண்ட். ஒயர் வழியே 1 ஆம்பியர் வரும், மீதி 1 ஆம்பியரைக் கெப்பாசிட்டர் தர வேண்டும். 0.3 வோல்ட் வரை இறங்கலாம் என்றால் சுமார் 1,920 மைக்ரோபாரட். கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 2,200.

வைவாவுக்கு முன் பார்க்க வேண்டியவை:

- எலெக்ட்ரோலிட்டிக்கில் (இந்த 2,200 மாதிரி பெரிய கெப்பாசிட்டர் வகை) கோடு போட்ட கால் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கலாம்.
- 4 வோல்ட் லைனுக்கு 10 அல்லது 16 வோல்ட் ரேட்டிங்.
- பக்கத்தில் ஒரு 0.1 மைக்ரோபாரட் செராமிக் கெப்பாசிட்டர். பெரியது வேகமான ஸ்பைக்குக்கு ஈடுகொடுக்காது.
- உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள், 0.1 ஓம் இருந்தால் 1 ஆம்பியருக்கு 0.1 வோல்ட் அங்கேயே போகும்.
- மோட்டார் சிக்கி 0.3 செகண்ட் இழுக்கிற மாதிரி நீண்ட வீழ்ச்சிக்குக் கெப்பாசிட்டர் போதாது. கணக்குப் போட்டால் லட்சக்கணக்கில் மைக்ரோபாரட் வரும். சப்ளையைத்தான் மாற்ற வேண்டும்.

புத்தகம் படிப்பவர்கள் படியுங்கள். எனக்கு ஸ்கோப்பில் பார்த்ததுதான் மனதில் நின்றது.

கடைசியில் எக்ஸ்டர்னல் மோட்டார் ஸ்விட்சைத் தானே ஆறு முறை போட்டார். ஆறு மெசேஜும் அவர் போனுக்கு வந்தன. மாட்யூல் விளக்கு நெட்வொர்க் விட்டுப்போகாமல் 3 செகண்டுக்கு ஒருமுறை மின்னிக்கொண்டே இருந்தது.